எதைத் துளைக்கும் என்று கேட்காத சட்டம்

வணக்கம். அமெரிக்காவில் கவசம் துளைக்கும் தோட்டாவுக்குத் தடை இருக்கிறது என்றதும், போலீஸ்காரரின் கவச உடையைத் துளைக்கிற எல்லாத் தோட்டாவுக்கும் தடை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அந்தச் சட்டம் குண்டு எதைத் துளைக்கும் என்று பார்ப்பதில்லை, எதனால் ஆனது என்றுதான் பார்க்கிறது.

1960களில் ஒஹாயோவைச் சேர்ந்த மூன்று பேர், கார் கதவிலும் கண்ணாடியிலும் பட்டு நசுங்கிப்போகாத குண்டு போலீஸுக்கு வேண்டும் என்று, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்த கேடிடபிள்யூ குண்டை உருவாக்கினார்கள். அதன் கடினமான உலோகம் துப்பாக்கிக் குழலைத் தேய்த்துவிடுமே என்று மேலே டெஃப்லான் பூசினார்கள், அவ்வளவுதான். 1982இல் என்பிசி தொலைக்காட்சி இதைக் காட்டிய பிறகு, டெஃப்லான்தான் கவசத்தை வழுக்கிக்கொண்டு போகிறது என்று பலரும் நம்பிவிட்டார்கள்; சில மாநிலங்கள் டெஃப்லானையே சட்டத்தில் எழுதிவைத்தன. உண்மையில் கவச உடையில் இருக்கிற கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைகள் குண்டை வலை மாதிரிப் பிடித்து நசுக்குகின்றன. ஈயம் நசுங்கும், எஃகும் பித்தளையும் லேசில் நசுங்காது. பூச்சுக்கு இதில் வேலையே இல்லை.

சரி, துளைக்கும் திறனைச் சோதித்துத் தடை செய்யலாமே என்றால், மான் வேட்டைக்குப் போகிறவர் வைத்திருக்கிற சாதாரண ரைஃபிள் தோட்டாவும் மாட்டிக்கொள்ளும் என்று எதிர்ப்பு வந்தது. அதனால் 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் உலோகங்களைப் பட்டியல் போட்டது: டங்ஸ்டன் கலவை, எஃகு, இரும்பு, பித்தளை, வெண்கலம், பெரிலியம் செம்பு, செறிவிழந்த யுரேனியம். இவற்றால் மட்டுமே ஆன குண்டாகவோ குண்டின் உள்ளீடாகவோ இருக்க வேண்டும், கைத்துப்பாக்கியில் பயன்படுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதிலும் மத்தியச் சட்டம் தடுப்பது முக்கியமாகத் தயாரிப்பையும் இறக்குமதியையும்தான். ஏற்கெனவே கையில் இருப்பதை வெறுமனே வைத்திருப்பது அதன்படி குற்றமில்லை. வன்முறைக் குற்றத்துக்கு எடுத்துப்போனால் குறைந்தது 15 ஆண்டு சிறை.

பிடி எல்லாம் அந்தக் "கைத்துப்பாக்கியில் பயன்படுத்தக்கூடிய" என்ற சொற்களில்தான். ரைஃபிள் தோட்டாவைச் சுடுகிற கைத்துப்பாக்கிகள் சந்தைக்கு வந்ததும் கோடு நகர்ந்துவிட்டது. 2014இல் எஃகு உள்ளீடு கொண்ட ரஷ்ய 7என்6 தோட்டாவின் இறக்குமதி இப்படித்தான் நின்றது. 2015 பிப்ரவரியில், 1986 முதல் இந்தத் தடையிலிருந்து விலக்குப் பெற்றிருந்த எம்855 என்ற ரைஃபிள் தோட்டாவுக்கும், அதாவது பச்சை முனைத் தோட்டாவுக்கும், துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் விலக்கை எடுக்கப் பார்த்தது. 80,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன, மார்ச் 10 அன்று பின்வாங்கிவிட்டார்கள்.

அந்தச் சண்டையில் இரண்டு பக்கமுமே போலீஸ்காரரை மறந்துவிட்டன என்பதுதான் என் வருத்தம். அவர் சட்டைக்குள் போடுகிற மென்கவசம் நொடிக்குச் சுமார் 350 முதல் 430 மீட்டர் வேகத்தில் வருகிற கைத்துப்பாக்கிக் குண்டுக்காகச் செய்தது. பச்சை முனைக் குண்டு 900 மீட்டருக்கு மேல் வருகிறது, அதே ரைஃபிளில் போடுகிற, எஃகு இல்லாமல் செம்பு உறை மட்டும் போட்ட ஈயக் குண்டும் ஏறக்குறைய அதே வேகம்தான். இரண்டுமே மென்கவசத்தைத் துளைத்துவிடும், ஆனால் விவாதம் முழுக்க ஒன்றைப் பற்றி மட்டும்தான் நடந்தது. இந்த வேகத்தைத் தாங்க பீங்கான் அல்லது எஃகுத் தகடு வேண்டும், அதன் கனத்தைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ரோந்து போவது லேசான காரியமில்லை.