ஈ1, டி1, எஸ்டிஎம்-1: பழைய லைன் இன்னைக்கு எத்தனை எம்பிபிஎஸ்?

வணக்கம் மக்களே. பழைய லீஸ்டு லைனை, அதாவது ரெண்டு இடத்துக்கு நடுவுல வாடகைக்கு எடுத்த ஈ1 மாதிரி தனி லைனை, கழட்டிட்டு ஈதர்நெட் போடும்போது வர்ற முதல் கேள்வி, "ஈ1 இருந்துச்சு, 2 எம்பி எடுத்தா போதும்ல?" பல நேரம் போதாது. ஏன்னு போர்டுல கணக்குப் போட்டே பாத்துடலாம்.

எல்லாத்துக்கும் ஆணிவேர் 64 கேபிபிஎஸ். குரலை நொடிக்கு 8000 தடவை சாம்பிள் எடுக்கிறோம், ஒவ்வொண்ணும் 8 பிட். பெருக்கினா 64,000. இந்த 8000-ஐ மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் கூடவே வரும்.

நம்ம நாட்டுல ஓடினது ஈ1. அதுல 32 டைம்ஸ்லாட் (ஒவ்வொண்ணும் ஒரு 64 கேபிபிஎஸ் பங்கு), 32 பெருக்கல் 64, 2048 கேபிபிஎஸ். 2048-ன்னு பாத்ததும் கம்ப்யூட்டர் பழக்கத்துல 1024-ஆல வகுத்து "கரெக்டா 2 எம்பி"ன்னு எழுதிடுவாங்க. எழுதாதீங்க. டெலிகாம்ல கிலோன்னா 1000 மட்டும்தான். லைன்ல நொடிக்குப் போறது 20,48,000 பிட், 20,97,152 இல்ல. அமெரிக்க டி1 வேற மாதிரி: 24 சேனல், 192 பிட், ஃப்ரேமிங்குக்கு (ஒவ்வொரு சுத்தும் எங்க தொடங்குதுன்னு காட்டுற அடையாளம்) 1 பிட் சேத்து 193. அதை 8000-ஆல பெருக்கினா 1.544 எம்பிபிஎஸ். டேட்டாவுக்குக் கிடைக்கிறது 1.536.

ஈ1-லயும் முழுசா கிடைக்காது. ஸ்லாட் 0 ஃப்ரேமிங்குக்குப் போயிடும், மிச்சம் 31, அதாவது 1984 கேபிபிஎஸ். அன்ஃப்ரேம்டா ஓட்டினா மட்டும் முழு 2048. வாய்ஸ் லைன்னா ஸ்லாட் 16-ம் சிக்னலிங்குக்கு (கால் தொடங்குறது, முடியுறதைச் சொல்ற தகவல்) போயி 30 சேனல். இங்கதான் ஒரு கோளாறு அடிக்கடி வரும்: ஒரு முனையில 1-லேர்ந்து 31 வரைக்கும் போட்டிருப்பாங்க, மறுமுனையில 16-ஐ விட்டிருப்பாங்க. ரௌட்டர்ல கன்ட்ரோலர் அப் (லைன் வந்துருச்சு), ஆனா லைன் புரோட்டோகால் டவுன் (டேட்டா போகல). கேபிளை மாத்தி மாத்திப் பாத்துப் பிரயோஜனம் இல்ல, டைம்ஸ்லாட் லிஸ்ட்டை ஒப்பிட்டுப் பாருங்க.

இப்ப பைட்டுக்கு வருவோம். சின்ன பி பிட், பெரிய பி பைட், நடுவுல 8. 1500 பைட் பாக்கெட்ல ஐபி, டிசிபி ஹெடர் 40 போனா 1460 உங்க டேட்டா. பாக்கெட்டைச் சுத்துற ஹெச்டிஎல்சி உறைக்கு ஒரு 8 பைட் ஏறி லைன்ல 1508 ஆகுது. 1984-ஐ 1460/1508-ஆல பெருக்கினா சுமார் 1921 கேபிபிஎஸ், நொடிக்கு 240 கிலோபைட். 1 ஜிபி ஃபைல் போக கிட்டத்தட்ட 70 நிமிஷம். டவுன்லோட் மீட்டர்ல 240 காட்டுதுன்னா லைன்ல குறை இல்ல, அவ்ளோதான் அது.

மேல போகப் போக வெறும் பெருக்கல் ஒத்து வராது. 16 ஈ1 சேந்தா 32.768 தானே? ஆனா 16 ஈ1-ஐச் சேத்த ஈ3 லைன் 34.368 எம்பிபிஎஸ். ஒவ்வொரு ஈ1-ம் தன் க்ளாக்ல கொஞ்சம் முன்னப்பின்ன ஓடும், அதைச் சரிக்கட்ட ஸ்டஃபிங் பிட், கூடவே ஃப்ரேமிங், எல்லாம் அந்த மிச்சத்துல போகுது. எல்லாம் ஒரே க்ளாக்கை ஒட்டி ஓடுற பெரிய லைனான எஸ்டிஎம்-ல இந்தத் தொல்லை இல்ல, 4, 16, 64-ன்னு நேரா பெருக்கலாம். எஸ்டிஎம்-1 ஃப்ரேம் 9 வரிசை, 270 காலம், 2430 பைட். 8-ஆலயும் 8000-ஆலயும் பெருக்கினா 155.52. ஓவர்ஹெட் 10 காலம் கழிச்சா 149.76. ஆனா அதையே 63 ஈ1-ஆப் பிரிச்சு வாங்கியிருந்தா 63 பெருக்கல் 1.984, வெறும் 125. ஒரே லைனுக்கு ரெண்டு விடை, எது உங்களோடதுன்னு பாத்துட்டு எழுதுங்க. எஸ்டிஎம்-64-ம் 10 ஜி-ன்னு பேர்தான், 9.953.

சரி, அந்த 2 எம்பி கேள்வி. ஜி.729 (குரலைச் சுருக்கி பாக்கெட்டா அனுப்புற முறை) கால் ஓடுற ஈ1-ன்னு வெச்சுக்குவோம். பாக்கெட் 60 பைட், நொடிக்கு 50. ஈ1-ல ஹெச்டிஎல்சி சேத்து 68 பைட், ஒரு காலுக்கு 27.2 கேபிபிஎஸ். 1984-ல 72 கால் போகும். ஈதர்நெட்ல அதே பாக்கெட்டுக்கு ஹெடரும் எஃப்சிஎஸ்ஸும் (பிழை பாக்குற பைட்) 18, ப்ரியாம்பிளும் (ஃப்ரேமுக்கு முன்னாடி வர்ற அறிவிப்பு பைட்) ஃப்ரேமுக்கு நடுவுல விடுற இடைவெளியும் 20. மொத்தம் 98. காலுக்கு 39.2, 2 எம்பி-ல 51 கால்தான். 52-ஆவது கால் வந்தா அது மட்டும் கெடாது, ஷேப்பர் (வேகத்தை 2 எம்பி-க்குள்ள நிறுத்துற ஏற்பாடு) கண்டபடி பாக்கெட்டைத் தூக்கிப் போடும், எல்லா காலும் வெட்டி வெட்டிக் கேக்கும்.

ஷேப்பர் அந்த 20 பைட்டைக் கணக்குல சேக்கலைன்னா 64 கால் வரும். அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ப்ரொவைடர்கிட்ட "உங்க 2 எம்பி, லேயர் 1-லயா (அந்த 20-ம் சேத்து), லேயர் 2-லயா (சேக்காம)?"ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. லேயர் 1-ன்னு பதில் வந்தா 72 பெருக்கல் 39.2, 2822. 3 எம்பி எடுங்க.