அந்துப்பூச்சி கேட்டுவிட்டா வரும்?

நடுவர் அவர்களே! 'கிர்கிஸ் நாடோடி மரபைக் காப்பது மேய்ச்சல் வெளியா, அருங்காட்சியகமா?' என்ற வழக்கில், கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்காக வாதாட வந்திருக்கிறேன்.

கூடாரத்தைக் கட்டடத்துக்குள் வைப்பது மீனைத் தரையில் வளர்ப்பது போல என்றார் எதிரணித் தோழர். கைதட்டல் வாங்கினார், நானும் தட்டினேன். ஆனால் 1930-களை ஒரே தாவாகத் தாண்டிவிட்டாரே! சோவியத் அரசு மந்தைகளைக் கூட்டுப்பண்ணையில் சேர்த்தது, மேய்ப்பர்களை ஊர்களில் குடியமர்த்தியது. மலையும் புல்லும் அங்கேயேதான் இருந்தன. அவை எதைத் தடுத்தன?

கிர்கிஸ் மக்களின் ஷிர்டாக் என்ற கம்பளி விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் நெய்வதல்ல, ஆட்டுக் கம்பளியை நனைத்து, உருட்டி, இறுக்கிச் செய்வது. அப்படிச் செய்த இரு நிறக் கம்பளித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆட்டுக்கொம்பு போன்ற சுருள் வடிவத்தை ஒரே வெட்டில் இரண்டிலும் வெட்டுகிறார்கள். பிறகு இதன் சுருளை அதிலும், அதன் சுருளை இதிலும் பொருத்தித் தைக்கிறார்கள். ஒரு துண்டும் வீணாகாது. எப்பேர்ப்பட்ட கணக்கு! அந்த விரிப்போ தரையில் கிடப்பது. குழந்தை உருளும், தேநீர் கொட்டும், தேயும். அந்துப்பூச்சி யாரைக் கேட்டுவிட்டு வரும்? பாட்டி வெட்டிய சுருளைப் பேத்தி பார்க்க வேண்டுமானால், யாராவது ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டாமா?

புதிதாகச் செய்யக் கைகள் இருக்கின்றனவே என்பார் தோழர். 2012-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை, உடனடியாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. செய்பவர்கள் குறைகிறார்கள், பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள் என்பதும் அப்போதே சொல்லப்பட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் புகை வாசனை இல்லை, குதிரைப்பால் புளிப்பும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அருங்காட்சியகத்தைப் புதுப்பிப்பதற்காக 2016-இல் மூடியவர்கள் 2021-இல்தான் திறந்தார்கள். அதற்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டடத்தின் கதையைக் கேளுங்கள். 1984-இல் லெனின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது அது. நாடு விடுதலை பெற்றதும் கிர்கிஸ் வரலாறு உள்ளே குடிவந்தது. வாசலில் கை நீட்டி நின்ற லெனின் சிலையை 2003-இல் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாடோடிகளைக் குடியமர்த்திய கட்சியின் தலைவர் இடம் பெயர்ந்தார். நாடோடியின் கூடாரம் நிலையாக உட்கார்ந்துகொண்டது! இந்தப் பழிவாங்கலை எந்த மேய்ச்சல் வெளி செய்து காட்டும், நடுவர் அவர்களே? மணி அடித்துவிட்டீர்கள், பதிலை எதிரணி சொல்லட்டும்.