நீங்கள் பார்க்காத மருத்துவர்

(டர்பன், சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

நான் நோயியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். உடலிலிருந்து எடுத்த சதையையும் இரத்தத்தையும் சோதித்து நோயைக் கண்டறிவதுதான் நோயியல். சோதனைக்காகச் சதைத்துணுக்கு, அதாவது பயாப்சி, எடுத்துக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மிளகளவு சதையைப் பார்க்க இத்தனை நாளா?"

அந்தச் சதை எடுத்த கையோடு, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழவேண்டும். இல்லாவிட்டால் வெளியில் வைத்த மீனைப்போல் கெட ஆரம்பித்துவிடும். அது நன்றாக ஊறிய பிறகு, ஆல்கஹாலில் போட்டு நீரை நீக்கி, உருகிய மெழுகில் தோய்த்துக் கட்டியாக்குகிறோம். அந்தக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறோம். மூச்சுக்காற்று பட்டால் பறந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயமேற்றினால், உட்கரு ஊதாவாகவும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதற்குப் பிறகுதான் நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார். புற்றா, வெறும் வீக்கமா என்று சொல்பவர் அவர்தான்.

நோய் குறிப்பிட்ட உறுப்பில் குடியிருக்கிறது என்பதைப் பிரேதப் பரிசோதனைகளைக் கொண்டு 1761இல் காட்டினார் இத்தாலியர் மொர்காஞி. அப்போது அவருக்கு 79 வயது. ஜெர்மானியரான விர்ச்சோ 1858இல் நோயின் இருப்பிடத்தைத் தேடி உயிரணுவரைக்கும் போனார்.

நோயியலில் திசுவைப் பார்ப்பது ஒரு கிளை. உதிர்ந்த உயிரணுக்களைப் பார்ப்பது இன்னொன்று. பெண்களுக்குக் கருப்பை வாயில் செய்யும் பாப் ஸ்மியர் சோதனை அதில் சேரும். கிருமி, இரத்தம், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கிளைகள் உண்டு.

நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது, இரத்தத்தில் சர்க்கரை போன்ற பொருள்களை அளக்கும் வேதி நோயியல். சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் இங்கே எது? சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட, சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருளில் அது ஒட்டுவதும் கூடும். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை அளப்பது அதைத்தான். சோதனைக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும், கடந்த மூன்று மாதத்துக் கணக்கை அது சொல்லிவிடும்.

என் அத்தைக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அகற்றிய மருத்துவர், "கொழுப்புக்கட்டிதான்" என்று சோதனைக்கு அனுப்பாமலே எறிந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அதே இடத்தில் மீண்டும் வந்தது. இந்த முறை அனுப்பினார்கள், புற்றுநோய். முதல் துண்டைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

உங்கள் உடலிலிருந்து எதை எடுத்தாலும், குப்பியில் உங்கள் பெயர் இருக்கிறதா, எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது, முடிவு எப்போது வரும் என்று கேளுங்கள். வந்த அறிக்கையின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.