லா காலேஜ் ஆரம்பிக்க இன்னும் 3 வாரம், நான் ஒரு நத்தைகிட்ட மாட்டிக்கிட்டேன்

ஹாய் எல்லாருக்கும், கேக்குதா... ஒரு நிமிஷம், மைக் கீழ சரியுது... ஆங், இப்ப ஓகே.

லா காலேஜ் ஆரம்பிக்க சரியா 3 வாரம் இருக்கு. போன வீடியோல நிறைய பேர் கேட்டிருந்தீங்க, இப்பவே என்ன படிக்கிற, எந்தச் சட்டத்த மனப்பாடம் பண்றன்னு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். காண்ட்ராக்ட் புத்தகத்த எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து நோட்ஸ் எழுதுனேன், நாலாவது நாள் புரட்டிப் பாத்தா முதல் நாள் எழுதுனது வேற யாரோ எழுதுன மாதிரி இருக்கு. மூடி வச்சுட்டேன்.

அப்பறம்தான் தெரிஞ்ச சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, சட்டத்த அவங்களே சொல்லிக் குடுப்பாங்கடி, நீ ஒரு தீர்ப்ப முழுசா படிக்கத் தெரிஞ்சுட்டு வா, அது போதும்னு. ஏன்னா கிளாஸே பல இடத்துல அப்படித்தானாம். 1870ல ஹார்வர்ட் லா ஸ்கூலுக்கு லாங்டெல்னு ஒருத்தர் டீனா வந்தாரு, அவர்தான் லெக்சர் அடிக்கிறத விட்டுட்டு கேஸக் கையில குடுத்து படிச்சுட்டு வா, நான் கேள்வி கேக்குறேன்னு ஆரம்பிச்சு வச்சவரு. நம்ம வயித்துல புளியக் கரைக்கிறதுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காரு மனுஷன்.

சரின்னு ஒரு கேஸ் எடுத்தேன், டொனோஹ்யூ வெர்சஸ் ஸ்டீவன்சன், 1932. பக்கத்துல ஏ.சி. 562ன்னு போட்டிருந்துச்சு, சத்தியமா நான் ஏர் கண்டிஷனர்னுதான் நெனச்சேன். அப்பீல் கேசஸ்னு ஒரு தொகுப்பு, அதுல 562வது பக்கம், அவ்ளோதான்.

கதை சிம்பிள். 1928ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊர்ல ஒரு கஃபே, டொனோஹ்யூன்ற அம்மாவுக்கு அவங்க ஃப்ரெண்ட் ஜிஞ்சர் பியர்னு இஞ்சி கூல்டிரிங்க் ஒண்ணு வாங்கிக் குடுக்குறாங்க, பாட்டில் கருப்பு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, பாதி குடிச்சப்பறம் மீதிய ஊத்தும்போது அழுகிப்போன நத்தை வந்து விழுந்துச்சுன்னு அந்தம்மா சொல்றாங்க, உடம்புக்கு முடியாமப் போச்சுன்னு கேஸ் போடுறாங்க. சிக்கல் என்னன்னா காசு குடுத்தது ஃப்ரெண்ட். அந்தம்மாவுக்கும் அதத் தயாரிச்ச ஸ்டீவன்சனுக்கும் நடுவுல எந்த ஒப்பந்தமும் கிடையாது. அப்ப அவர்கிட்ட நஷ்டஈடு கேக்க முடியுமா முடியாதா?

இப்ப நான் சொதப்புன இடத்துக்கு வரேன். நான் என்ன பண்ணேன், அஞ்சு கலர் ஹைலைட்டர் வாங்கி வச்சிருந்தேன்ல, தீர்ப்புல ஒவ்வொரு ஜட்ஜும் தனித்தனியா சொல்றாங்க, முதல்ல வர்ற ஜட்ஜ் லார்ட் பக்மாஸ்டர், அவர் பேசுனதுல முக்கால்வாசிய மஞ்சள் அடிச்சுட்டேன், ஆஹா இதுதான் சட்டம்னு. அவர் என்ன சொல்றாருன்னா நஷ்டஈடு கேக்க முடியாது, இத விட்டா எங்க போய் நிக்கும்னு. எல்லாத்தையும் மஞ்சள் அடிச்சுட்டு கடைசிக்கு வந்து பாக்குறேன், அந்தம்மா ஜெயிச்சுட்டாங்க! அஞ்சு ஜட்ஜ்ல மூணு பேர் அந்தம்மா பக்கம், ரெண்டு பேர் ஸ்டீவன்சன் பக்கம், நான் அடிச்சது பூரா தோத்த பக்கம். லார்ட் அட்கின் சொன்னதுதான் நிக்குது, நீ செய்றதால யாருக்குப் பாதிப்பு வரும்னு உன்னால நியாயமா யோசிச்சுப் பாக்க முடியுமோ அவங்கதான் சட்டத்துல உன் 'பக்கத்து வீட்டுக்காரன்', அவங்க விஷயத்துல நீ கவனமா இருக்கணும்னு.

அதனால இப்ப எல்லாம் முதல்ல யார் ஜெயிச்சாங்க, எத்தன ஜட்ஜ், யார் எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் உள்ளயே போறேன். ஹைலைட்டர தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். பென்சில்தான்.

ரெண்டாவது சொதப்பல் அம்மா கண்டுபிடிச்சது. படிச்சு முடிச்சுட்டு புத்தகத்த மூடிட்டு யார்கிட்டயாவது சொந்த வார்த்தையில சொல்லணும்னு அந்த அக்கா சொல்லியிருந்தாங்க, அம்மாவ உக்கார வச்சு சொன்னேன். ஃபேக்ட்ஸ் சொன்னேன், கேள்வி சொன்னேன், தீர்ப்பு சொன்னேன், ரொம்பப் பெருமையா. எல்லாத்தையும் கேட்டுட்டு அம்மா, "சரி, நத்தை நெசமாவே இருந்துச்சா?"ன்னாங்க. இருந்துச்சும்மா அதான தீர்ப்பேன்னுட்டேன். போய்ப் பாத்தா அப்படி ஒண்ணும் இல்லங்க! நத்தை இருந்துச்சுன்னு கோர்ட்ல நிரூபிக்கவே இல்ல. அந்தம்மா சொல்றதெல்லாம் உண்மைன்னே வச்சுக்குவோம், அப்படியே இருந்தாலும் சட்டப்படி கேஸ் நிக்குமான்றது மட்டும்தான் கேள்வி, நிக்கும்னுதான் தீர்ப்பு. அப்பறம் ஸ்டீவன்சன் எறந்துட்டாரு, விசாரணைக்கே போகாம சமரசத்துல முடிஞ்சுருச்சு. ஏறக்குறைய 60 பக்கம் படிச்ச எனக்கு அது உறைக்கல, அம்மா ஒரு கேள்வியில புடிச்சாங்க.

மத்ததெல்லாம் சும்மா சொல்லிடறேன். லத்தீன் வார்த்தை ரெண்டு போதும் இப்போதைக்கு, ரேஷியோன்னா தீர்ப்பத் தாங்கி நிக்கிற காரணம், ஓபிட்டர்னா ஜட்ஜ் போற போக்குல சொன்னது. 'கன்சிடரேஷன்'னு பாத்தா இரக்கம், அக்கறைன்னு நெனச்சுக்காதீங்க, காண்ட்ராக்ட்ல அது ஒரு வாக்குறுதிக்கு பதிலா நீங்க குடுக்குறது. தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தைதான் ஆளக் கவுக்குது, தெரியாததுன்னா டிக்ஷனரியாவது பாப்போம்ல. லேப்டாப்பா நோட்டான்னு கேட்டவங்களுக்கு, எனக்கு கையால எழுதுனாத்தான் ஏறும், உங்களுக்கு எதுவோ அது. தூங்குற நேரத்த மாத்திட்டு இருக்கேன், நேத்தும் மணி ரெண்டாயிருச்சு, அதப் பத்திப் பேச வேணாம்.

மேடையில பேச வராதே, நான் லாவுக்கு செட் ஆவேனான்னு ஒருத்தங்க கேட்டிருந்தீங்க. எனக்கும் வராதுங்க, இந்த வீடியோவே மூணாவது டேக்.

ஐயோ பேட்டரி சிவப்புக்கு வந்துருச்சு. அடுத்தது கார்லில் கேஸ், ஒரு மருந்துக் கம்பெனி மூக்குல வச்சு உறிஞ்சுற எங்க புகை உருண்டைய யூஸ் பண்ணியும் இன்ஃப்ளுயன்ஸா வந்தா 100 பவுண்டு தரோம்னு விளம்பரம் குடுத்து மாட்டிக்கிட்ட கதை. அம்மாகிட்ட நாளைக்கு நைட்டு சொல்றேன்னுருக்கேன், அதுக்குள்ள காசு உண்மையிலேயே குடுத்தாங்களான்னு பாத்து வச்சுக்கணும், அவங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க. பை