ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஆல்பம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சாமராஜப்பேட்டை ராமநவமிக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி முடியும்வரை இடத்தைவிட்டு அசையாத ரசிகர்கள் நம் பெங்களூரில் ஏராளம். ராக் இசைக்கும் இதே ஊரில் பல வருஷமாகப் பெரிய கூட்டம் உண்டு. இரண்டையும் கேட்கிற தமிழர்கள் அல்சூரில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் ‘புரோகிரசிவ் ராக்’ (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) என்றதும், அது கனமான சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களை மனதில் வைத்து, பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். 1973 மார்ச்சில் வெளிவந்தது. ஏறத்தாழ 43 நிமிடம் ஓடும்.

ஒரே கருத்தைச் சுற்றிக் கோத்த பாடல்களைக் கான்செப்ட் ஆல்பம் என்கிறார்கள். சில ஆல்பங்களில் கதை இருக்கும். இதில் கிடையாது. காலம் கரைவது, பணம், சாவு, மனம் பேதலிப்பது என்று எல்லாம் நமக்கும் தூக்கம் வராத ராத்திரிகளில் தோன்றுகிற விஷயங்கள்தான். பாடல் வரிகள் முழுவதையும் எழுதிய, குழுவைச் சேர்ந்த ரோஜர் வாட்டர்ஸுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வாழ்க்கை இனிமேல்தான் ஆரம்பிக்கும் என்று காத்திருந்தவனுக்கு, அது எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று உறைக்கிற இடம் ‘டைம்’ பாட்டில் வருகிறது. அந்த வயதில் எப்படி எழுதினார் என்று இன்றும் எனக்கு வியப்புதான்.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது, ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் நுழைகிற இடங்கள். ‘ஆன் த ரன்’ என்ற பகுதியில் பாட்டே கிடையாது. சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி விரட்டிக்கொண்டே போகும், யாரோ ஓடும் காலடிச் சத்தம் கேட்கும், கடைசியில் பெரிய வெடிச் சத்தம். அது அடங்கும்போது மெல்ல டிக் டிக் என்று கேட்கும். திடீரென்று ஏகப்பட்ட கடிகாரங்கள் ஒன்றாக அலறும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு அத்தனையையும் சேர்த்து அடிக்கவைத்தார். அதற்கப்புறம்தான் ‘டைம்’. அது முடிகிற இடத்தில், ஆரம்பத்தில் கேட்ட ‘பிரீத்’ பாட்டின் மெட்டு திரும்பி வரும். சரணம் முடிந்து பல்லவியைத் தொடுகிற சுகம் அது. பாட்டைத் தனியாக உருவிக் கேட்டால் இது கிடைக்காது.

இந்த இணைப்புகள் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1972 ஜனவரியிலேயே இதை மேடையில் தொடர்ச்சியாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தின் முடிவில், குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரைட்டின் பியானோவோடு, வெளியிலிருந்து வந்த பாடகி கிளேர் டோரி பாடுகிறார். வார்த்தையே இல்லை. விஷயம் சாவு, அதை வெறும் குரலால் சொல்ல வேண்டும். சில முறை பாடிவிட்டு, முப்பது பவுண்டு சம்பளம் வாங்கிக்கொண்டு போனார். இசையமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்ற அங்கீகாரம், வழக்குத் தொடுத்த பிறகு 2005இல்தான் கிடைத்தது. தாமதம்தான் என்றாலும் நியாயம்.

இசைத்தட்டைத் திருப்பினால் ‘மணி’, அதாவது பணம். காசு குலுங்கும், காகிதம் கிழியும், கல்லாப்பெட்டி அடிக்கும். டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டிய தாளம் இது. கையில் எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். மிச்ர சாபு போட்டுப் பழகியவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கிட்டார் தனியாக எழும்பும்போது தாளம் நாலுக்கு மாறி, பிறகு ஏழுக்கே திரும்பும். நம்மவர்களுக்கு இந்த இசை எட்டாது என்று யார் சொன்னது?

பாடல்களுக்கு இடையே பேச்சுக்குரல்களும் கேட்கும். சாவுக்குப் பயப்படுகிறீர்களா, கடைசியாக எப்போது யாரையாவது கைநீட்டி அடித்தீர்கள் என்பது போன்ற கேள்விகளை அட்டையில் எழுதி, ஸ்டுடியோவில் இருந்தவர்களிடம் கொடுத்துப் பதில்களைப் பதிவு செய்தார்கள். பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். அது ஆல்பத்தில் சேரவில்லை. ஸ்டுடியோ வாயிற்காவலர் ஜெரி ஓ’டிரிஸ்கால் சொன்னது சேர்ந்தது. எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் பெரிய மரியாதை வந்ததே இந்த ஒரு முடிவால்தான்.

2002இல் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூருக்கே வந்து இந்த ஆல்பத்தின் சில பாடல்களை வாசித்தார். அதைத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், ஒரு ஹெட்ஃபோன் போதும். ஷஃபிளை நிறுத்திவிடுங்கள். சில ஆப்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடும். செட்டிங்கில் அதையும் எடுத்துவிடுங்கள். முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் ஆபீஸ் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு 43 நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக ஜெத்ரோ டல் குழுவின் ‘திக் ஆஸ் எ பிரிக்’ கேளுங்கள். 1972இல் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு. அதில் இயான் ஆண்டர்சன் வாசிக்கும் புல்லாங்குழலைக் கவனித்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.