காத்திருந்து பெற்ற விலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நட்சத்திர வீரருக்காக அணிகள் முன்வைக்கும் பேரங்களை ஒப்பிடும்போது, எந்த அணி எத்தனை பேரைத் தருகிறது என்று எண்ணிப் பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்தப் பேரம் எந்த நாளில் வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதை, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் 2019-ஆம் ஆண்டு ஆந்தனி டேவிஸை விட்டுக்கொடுத்த நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் அணி எனக்குப் புரியவைத்தது.

ஜனவரி இறுதியில் டேவிஸ் தம்மை வேறு அணிக்கு மாற்றுமாறு கேட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி உடனே இளம் வீரர்களோடு வந்து நின்றது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோ, தன் வீரர் கைரி இர்விங்கின் ஒப்பந்த வகை காரணமாக, லீக் விதிப்படி ஜூலை வரை டேவிஸை வாங்க முடியாத நிலையில் இருந்தது. ஒரே ஒருவர் மட்டும் விலை கேட்கும் சந்தையில் விற்கக் கூடாது என்று பெலிக்கன்ஸ் காத்திருந்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

காத்திருப்பில் ஆபத்தும் இருந்தது. மார்ச் மாதத்தில் லேக்கர்ஸின் பிராண்டன் இங்ரமுக்கு வலது கையில் இரத்தம் உறைந்திருப்பது தெரியவந்து, அவர் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. பேரத்தின் முதுகெலும்பே அவர்தான். ஆனால் புதிய இளம் வீரர்களை எந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கலாம் என்பதை முடிவுசெய்ய மே 14 அன்று சிகாகோவில் நடந்த குலுக்கலில், எண்ணிட்ட 14 சிறு பந்துகள் சுழன்று வெளிவந்தபோது, வாய்ப்பு வரிசையில் பதினொன்றாம் இடத்தில் இருந்த லேக்கர்ஸுக்கு நான்காவது தேர்வுரிமை கிடைத்தது. வெறும் 6 விழுக்காடு வாய்ப்பே இருந்த பெலிக்கன்ஸுக்கு முதலிடமே கிடைத்தது. பிப்ரவரியில் இல்லாத ஒரு சொத்து அந்த ஒரே மாலையில் லேக்கர்ஸின் பேரத்தில் வந்து சேர்ந்தது.

ஜூனில் டேவிஸுக்கு ஈடாக இங்ரம், லோன்சோ பால், ஜோஷ் ஹார்ட் ஆகியோரும் அந்த நான்காவது தேர்வுரிமை உட்பட மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும் பெலிக்கன்ஸுக்குக் கைமாறின. ஓராண்டில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு விலகிவிடக்கூடிய வீரருக்கு இது பெரிய விலைதான். ஆயினும் டேவிஸோடு லேக்கர்ஸ் 2020-இல் கோப்பையை வென்றதால், கொடுத்தவரும் ஏமாறவில்லை. தன் இளம் வீரர் ஜேசன் டேட்டமை விட்டுத்தர மனமில்லாதிருந்த பாஸ்டன், அவரோடே 2024-இல் கோப்பையை ஏந்தியது. இங்ரமோ, உறைந்த இரத்தம் தந்த அச்சத்திலிருந்து மீண்டு வந்து, நியூ ஆர்லியன்ஸில் ஆடிய முதல் பருவத்திலேயே மிகவும் முன்னேறிய வீரருக்கான விருதைப் பெற்றார்.