உங்கள் பெயரில் இன்னொருவர்

நேயர்களுக்கு வணக்கம். வங்கியொன்றின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அடையாளத் திருட்டை, அதாவது நம் விவரங்களை வைத்து இன்னொருவர் நம் பெயரில் கடனோ கணக்கோ எடுப்பதை, எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். திருட்டு என்றதும் கணினித் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கெட்டிக்காரன் ஒருவன் நம் நினைவுக்கு வருகிறான். நான் பார்த்த கோப்புகள் பலவற்றில் அப்படி யாரும் இல்லை. எங்கோ கைமாறிய ஓர் அடையாள அட்டை நிழற்பிரதிதான் இருந்தது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒருவரை, வாகனங்களைத் தவணைக்குக் கொடுக்கும் லீசிங் கம்பனி ஒன்று அழைத்தது. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று தவணை நிலுவையாம், கட்டாவிட்டால் வாகனத்தை எடுத்துவிடுவார்களாம். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாது. ஆள் மாறிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு கடிதம் வந்தது. முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருந்தன. முகவரி மட்டும், அவர் வெள்ளவத்தையில் முன்பு வாடகைக்கு இருந்த அறையினுடையது. ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. மனிதர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தமிழில்தான் கையொப்பம் இடுகிறார்!

முதல் அழைப்பு வந்த அன்றே அவர் விசாரித்திருக்கலாம். தெரியாத கடனைப் பற்றி யாராவது கேட்டால் கோபப்பட்டுத் துண்டித்துவிடாதீர்கள். கம்பனியின் பெயரையும் கிளையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக உங்கள் விவரம் எதையும் அந்த அழைப்பில் உறுதிப்படுத்த வேண்டாம், அழைத்தவனே மோசடிக்காரனாக இருக்கலாம். கம்பனியின் பொது எண்ணை நீங்களாகத் தேடி அழைத்துப் பேசுங்கள்.

நமது இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண் நம்மைப் பற்றி நிறையவே சொல்லிவிடுகிறது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருப்பார்கள். 2016 இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாகிவிட்டது. ஆக, எண்ணைப் பார்த்தவனுக்குப் பிறந்த திகதியும் கையில் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் சேவையில் உங்களை உறுதிப்படுத்தக் கேட்பதும் பெரும்பாலும் அந்தத் திகதியைத்தான். அந்த எண்ணையும் பிரதியையும் வீட்டுத் தரகர், வெளிநாட்டு வேலை முகவர், கட்டட வாசலில் நிற்கும் காவலாளி என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பிரதியின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் என்று எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கைப்பேசி தரும் அறிகுறிகள் வேறு. நீங்கள் எதுவும் செய்யாதபோது ஓ.டி.பி. எனப்படும், ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண் வந்தால், உங்கள் கணக்கின் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று பொருள். பக்கத்தில் இருப்பவரின் தொலைபேசி வேலை செய்யும்போது உங்களுடையதில் மட்டும் சிக்னல் திடீரென்று இல்லாமல் போனால், சிம் பழுது என்று மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புதிய சிம் எடுத்திருக்கலாம். இன்னொருவரின் தொலைபேசியிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். உங்களுக்குக் குறுஞ்செய்தியில் வந்த ஆறிலக்க எண்ணை அனுப்பச் சொல்லி வட்ஸ்அப்பில் நண்பர் கேட்டால், அது அநேகமாக நண்பர் இல்லை. அனுப்பினீர்களென்றால் உங்கள் வட்ஸ்அப் கணக்கு அவன் கைக்குப் போய்விடும், அடுத்த மணித்தியாலத்தில் கனடாவில் இருக்கும் உங்கள் சித்தப்பாவிடம் உங்கள் பெயரால் பணம் கேட்கப்படும். அவரும் பாசத்தில் அனுப்பிவிடுவார்.

எதுவுமே வராமல் இருப்பதும் ஓர் அறிகுறிதான். மாதந்தோறும் வந்த கணக்குக் கூற்று நின்றுபோனால், பணம் எடுக்கும்போது வரும் குறுஞ்செய்தி வராமல் போனால், தபால்காரரைக் குறைசொல்வதற்கு முன் வங்கியில் உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் 'கிரிப்' என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. கடன் கிடைக்காதவர்கள் மட்டுமே அதை எடுக்கவேண்டும் என்றொரு நினைப்பு நம்மவர்களிடம் இருக்கிறது. எவரும் தமது அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில், எந்த நிதிக் கம்பனியில் உங்கள் பெயரில் கடன் இருக்கிறது, எங்கே பிணையாளியாக நிற்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். பழைய அட்டையை மாற்றிப் புதியது எடுத்தவர்கள் இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

மோசடி என்று தெரிந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து பதிவின் பிரதியை வாங்குங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்வது போதாது. கடனை மறுத்து எழுத்தில் கொடுங்கள், ஒப்பந்தப் பிரதியையும் கேளுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். விவகாரத்தைப் பேசித் தீர்க்கலாம், ஒரு தவணையை மட்டும் கட்டிவிடுங்கள் என்று யாராவது நயமாகச் சொல்வார்கள். கட்டிவிடாதீர்கள். அந்த ஒரு தவணையைக் காட்டியே கடனை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள்.